சிறு துளைக்கு எந்தப் போரிங் பார்? எஃகுத் தண்டும் கார்பைடு தண்டும்: ஓர் ஒப்பீடு

எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. மைல்டு ஸ்டீலில் ஒரு கப்ளிங், அதாவது இரண்டு அச்சுத்தண்டுகளை இணைக்கும் துண்டு. நடுவில் 16 மி.மீ. ஊடு துளை, நீளம் 40 மி.மீ.; பொருத்த அளவு எச்7. அதாவது துளை 16.000 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 16.018 மி.மீ.யைத் தாண்டவும் கூடாது. டிரில் போட்டு, துளையை இறுதி அளவுக்குச் சீவும் ரீமரை விட்டால் அளவு வந்துவிடும். ஆனால் டிரில் எந்தப் பக்கம் சாய்ந்து போனதோ அந்தப் பக்கமேதான் ரீமரும் போகும். வெளிவட்டத்துக்கும் உட்துளைக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், லேத்தில் மாட்டியது மாட்டியபடியே போரிங் பார், அதாவது நுனியில் வெட்டுமுனை உள்ள தண்டு, கொண்டு துளையைப் பெருக்குவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

இந்த ஒரு வேலையை முன்னால் வைத்துக்கொண்டே, இன்செர்ட் (மாற்றக்கூடிய சிறு வெட்டுமுனைத் துண்டு) மாட்டும் சிறிய போரிங் பார்களில் எதை வாங்குவது என்ற கேள்வியைப் பார்க்கலாம். கடைக்குப் போனால் 8, 10, 12 மி.மீ. தண்டுகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் எஃகிலும் உண்டு, கார்பைடிலும் (டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள்) உண்டு. இன்செர்ட்டின் வடிவம் சாய்சதுரமா, முக்கோணமா என்ற தேர்வும், முனை ஆரம் (வெட்டுமுனையின் வளைவு ஆரம்) 0.2 மி.மீ.யா 0.4 மி.மீ.யா என்ற தேர்வும் அதன் மேல் வருகின்றன. பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் இன்செர்ட்டுக்கு ஏற்ற பாரைத் தேடிப் போகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வரிசை. துளையின் விட்டமும் ஆழமும் தண்டைத் தீர்மானிக்க வேண்டும். இன்செர்ட் அதற்குப் பிறகே வர வேண்டும்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனையில் விசை வாங்கும் தண்டு எவ்வளவு வளையும் என்பது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. மேற்சொன்ன கப்ளிங்குக்குத் தண்டு சுமார் 45 மி.மீ. வெளியே நீள வேண்டும். நுனியில் 100 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான தள்ளல், விழுவதாக வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. எஃகுத் தண்டு 72 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வளைகிறது. அதுவே 10 மி.மீ. என்றால் 29 மைக்ரான், 12 மி.மீ. என்றால் 14 மைக்ரான். துளைக்கு நமக்கு அனுமதிக்கப்பட்ட இடைவெளி மொத்தமே 18 மைக்ரான்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எட்டு மி.மீ. பாரை மாட்டிக்கொண்டு லேத்தைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும். முடிவு வெட்டில் பக்கவாட்டு விசை 100 நியூட்டனுக்குக் குறைவாகவே இருக்கும் என்றாலும், தண்டுகளுக்கு இடையிலான விகிதம் மாறாது.

தண்டை மாற்ற முடியாத நிலையில் நீட்டத்தையாவது குறைக்க வேண்டும். 45 மி.மீ. நீட்டத்தை 36 மி.மீ.க்குக் கொண்டுவந்தால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், வளைவு ஏறக்குறைய பாதியாகிவிடும். செலவே இல்லாத திருத்தம் இது. இருந்தும், பாரை ஒருமுறை நீளமாகப் பிடித்துவிட்டு எல்லா வேலைக்கும் அப்படியே ஓட்டும் பழக்கத்தை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

எஃகா கார்பைடா என்ற கேள்விக்கு இனி வரலாம். எஃகின் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் எண், ஏறத்தாழ 210 கிகாபாஸ்கல். டங்ஸ்டன் கார்பைடின் யங் குணகம் 600 கிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. அதாவது ஒரே விட்டம், ஒரே நீட்டத்தில் கார்பைடு தண்டு எஃகுத் தண்டைவிட மூன்று மடங்கு அளவுக்கு விறைப்பானது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைந்துவிட வேண்டும்: ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) தண்டு, அல்லது நன்றாகக் கடினப்படுத்திய எஃகுத் தண்டு, சாதாரண எஃகைவிடக் குறைவாக வளையும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடினப்படுத்துவதால் தண்டு தேயாது, எளிதில் நிரந்தரமாக வளைந்து போகாது. ஆனால் விசைக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் வராது. எல்லா எஃகுக்கும் அந்தக் குணகம் கிட்டத்தட்ட ஒன்றே.

நடைமுறையில் எஃகுத் தண்டு விட்டத்தைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு நீட்டம் வரை நிம்மதியாக வெட்டும். கார்பைடு தண்டு ஐந்து முதல் ஆறு மடங்கு வரை தாங்கும். நம் வேலையில் 12 மி.மீ. எஃகுக்கு 45 மி.மீ. நீட்டம் 3.75 மடங்கு, எல்லைக்குள் இருக்கிறது. 10 மி.மீ. எஃகுக்கு அது 4.5 மடங்கு, எல்லையைத் தாண்டிவிட்டது. 10 மி.மீ. கார்பைடுக்கோ அதே 4.5 மடங்கு எளிதான வேலை. முன்னர்ச் செய்த கணக்கையே மறுபடி போட்டால், 10 மி.மீ. கார்பைடு தண்டின் வளைவு 10 மைக்ரான் என்று வருகிறது. இது 12 மி.மீ. எஃகுத் தண்டின் 14 மைக்ரானைவிடக் குறைவு. அதேபோல 8 மி.மீ. கார்பைடு தண்டு 25 மைக்ரான் வளைகிறது, 10 மி.மீ. எஃகுத் தண்டின் 29 மைக்ரானைவிட அதுவும் சற்றுக் குறைவு. ஓர் அளவு மெல்லிய கார்பைடு தண்டு, ஓர் அளவு தடித்த எஃகுத் தண்டை விறைப்பில் வென்றுவிடுகிறது என்பதே இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி.

அப்படியென்றால், துளைக்குள் நுழையக்கூடிய மிகத் தடித்த எஃகுத் தண்டை வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம், வெட்டிய சுருள் வெளியேற இடம் வேண்டும் என்பதுதான். 12 மி.மீ. பாரில் தண்டின் மையத்திலிருந்து இன்செர்ட் முனை 9 மி.மீ. தள்ளி நிற்கும். அதோடு தண்டின் பாதி விட்டம் 6 மி.மீ.யைக் கூட்டினால், முனையிலிருந்து முதுகு வரை 15 மி.மீ. ஆகிறது. 14.5 மி.மீ. டிரில் போட்ட துளையை 16 மி.மீ.க்குப் பெருக்கும்போது, பாரின் முதுகுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே கால் மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். அட்டவணைகளில் இந்தப் பாருக்குக் குறைந்தபட்சத் துளை 16 மி.மீ. என்று போட்டிருப்பது பொய்யல்ல. பார் உள்ளே போகும். ஆனால் சுருள் எங்கே போகும் என்பதற்கு அட்டவணை பொறுப்பில்லை. 10 மி.மீ. பாரில் முனைத் தள்ளல் 7 மி.மீ.; முனையிலிருந்து முதுகு வரை 12 மி.மீ.; அதே துளையில் முதுகுப்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் இடம் கிடைக்கிறது.

ஆகவே முடிவு துளையின் அடிப்பகுதியைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. ஊடு துளை என்றால், வெட்டு எண்ணெயோ அழுத்தக் காற்றோ கொடுத்து சுருளை மறுபக்கம் தள்ளிவிடலாம்; 12 மி.மீ. எஃகு பார் போதும், செலவும் குறைவு. அடி மூடிய துளை என்றால் சுருள் வந்த வழியே திரும்பி வர வேண்டும். அங்கே 12 மி.மீ. பாரை விட்டால் சுருள் தண்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி, முடிந்த பரப்பைக் கீறிவிடும், சில சமயம் இன்செர்ட்டையே உடைத்துவிடும். அங்கே 10 மி.மீ. கார்பைடுதான் சரியான தேர்வு. எஃகைவிட அதன் விலை பல மடங்கு என்பது உண்மை. ஆனால் மாதத்துக்கு இருபது முப்பது அடி மூடிய துளைகள் வரும் பட்டறையில், கெட்டுப்போன ஜாப்களின் கணக்கை எழுதி வைத்துப் பார்த்தால், அந்த விலையைத் தயக்கமின்றிக் கொடுக்கத் தோன்றும்.

கார்பைடுக்கு உரிய குறைகளையும் சொல்ல வேண்டும். அது விறைப்பானது, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. கீழே விழுந்தால் உடையும். பக்கத்திலிருந்து திருகாணியை வைத்து நேரடியாக இறுக்கினால் அந்தப் புள்ளியில் விரிசல் விடக்கூடும். ஆகவே பிளவுபட்ட குழல் வழியாகச் சுற்றிலும் சீராகப் பிடிக்க வேண்டும். இன்செர்ட் உட்காரும் தலைப்பகுதி எஃகால் ஆனது. கார்பைடு தண்டோடு பற்றவைத்து ஒட்டியிருக்கும். அந்த ஒட்டில் சூடு ஏறும்படி உலர்ந்த நிலையில் கனமான வெட்டு எடுப்பது நல்லதல்ல. சாதாரண வேலைக்கு, விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீட்டத்துக்குள் முடிகிற துளைக்கு, கார்பைடு தண்டு வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

பாரின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். எஸ்12எம்-எஸ்சிஎல்சிஆர்06 என்று இருந்தால், முதல் எஸ் என்பது எஃகுத் தண்டு. அந்த இடத்தில் ஏ இருந்தால் உள்ளே எண்ணெய் வழி உள்ள எஃகு. சி இருந்தால் கார்பைடு. இ இருந்தால் எண்ணெய் வழி உள்ள கார்பைடு. 12 என்பது விட்டம். எம் என்பது 150 மி.மீ. மொத்த நீளம், கே என்றால் 125, க்யூ என்றால் 180. அடுத்த தொகுதியில் எஸ் திருகாணிப் பிடிப்பையும், சி 80 பாகை சாய்சதுர இன்செர்ட்டையும், எல் 95 பாகை அணுகு கோணத்தையும், இன்னொரு சி இன்செர்ட்டின் 7 பாகை விலகு கோணத்தையும் (பக்கம் சுவரில் உரசாதபடி உள்ள சாய்வு), ஆர் வலக்கைப் பாரையும் குறிக்கின்றன. கடைசி 06 இன்செர்ட்டின் வெட்டு விளிம்பு நீளம்.

இன்செர்ட் வடிவங்களில் நான் 80 பாகை சாய்சதுரமான சிசிஎம்டி 06 வகையையே, அதாவது அது மாட்டும் எஸ்சிஎல்சிஆர் பாரையே, முதலில் சொல்வேன். 80 பாகை முனை தடித்தது, எளிதில் உடையாது. 95 பாகை அணுகு கோணத்தால் துளையையும் பெருக்கலாம், அடியிலுள்ள ஸ்டெப்பையும் சமமாகச் சீவலாம். ஓர் இன்செர்ட்டில் இரண்டு முனைகள்தான் என்பது குறையாகத் தோன்றும். முக்கோண டிசிஎம்டி மாட்டும் எஸ்டிஎஃப்சிஆர் பாரில் மூன்று முனைகள் கிடைக்கின்றன. ஆனால் 60 பாகை முனை விரைவில் தேய்வதால் அந்த மூன்றாவது முனையின் லாபம் காகிதத்தில் தெரியும் அளவுக்குக் கையில் தெரிவதில்லை. 55 பாகை முனையுள்ள சாய்சதுர இன்செர்ட் (ஆங்கிலத்தில் DCMT; ஒலிப்பில் முக்கோண TCMT போலவே இருந்தாலும் வேறு வகை) துளைக்குள் பள்ளமோ வளைவோ வெட்ட வேண்டியவர்களுக்கு மட்டும் தேவை. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு: 8, 10, 12 மி.மீ. மூன்று பார்களுக்கும் அதே 06 அளவு இன்செர்ட்டே பொருந்துகிறது. ஒரே பெட்டி இன்செர்ட், ஒரே திருகாணி, ஒரே சாவி. 16 மி.மீ. தண்டுக்குப் போனால் பெரும்பாலும் 09 அளவுக்கு மாற வேண்டியிருக்கும்.

முனை ஆரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். கொள்கைப்படி பரப்பில் எஞ்சும் கோடுகளின் உயரம், ஒரு சுற்றுக்குக் கருவி முன்னேறும் தூரமான ஃபீடின் இருமடியை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 0.08 மி.மீ. ஃபீடில் 0.4 ஆரம் 2 மைக்ரான் உயரத்தையும், 0.2 ஆரம் 4 மைக்ரான் உயரத்தையும் தரும். இதை மட்டும் பார்த்தால் பெரிய ஆரமே நல்லது என்று தோன்றும். ஆனால் வெட்டு ஆழம் முனை ஆரத்தைவிடக் குறைவாக இருக்கும்போது, 95 பாகை என்று பொறித்திருந்தாலும் வெட்டுவது வளைந்த முனை மட்டுமே. விசையில் பெரும்பகுதி தண்டைப் பக்கவாட்டில் தள்ளப் போகிறது. மெல்லிய தண்டில் அந்தத் தள்ளலே அதிர்வாக மாறிப் பரப்பில் அலைக்கோடுகளைப் போடும். 8 மி.மீ. தண்டில் 0.2 ஆரம் வைத்து ஃபீடைச் சற்றுக் குறைத்தால், 0.4 ஆரம் தந்திருக்கக்கூடியதைவிட நல்ல பரப்பு கிடைப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பேரிங் உட்காரும் இடம் வெட்டுபவர்களுக்கு ஆரம் என்பது பரப்பைப் பற்றிய கேள்வியே அல்ல. 608 பேரிங்கை எடுத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ., விளிம்பின் மழுங்கல் குறைந்தபட்சம் 0.3 மி.மீ. 0.4 ஆரமுள்ள இன்செர்ட்டால் ஸ்டெப்பை வெட்டினால் மூலையில் 0.4 மி.மீ. வளைவு நிற்கும், பேரிங் அந்த வளைவின் மேல் ஏறி உட்கார்ந்து, அடியைத் தொடாமல் சாய்ந்து நிற்கக்கூடும். 6000 பேரிங்குக்கும் இதே 0.3 மி.மீ.தான். இங்கே 0.2 ஆரம் கட்டாயம். இல்லையென்றால் மூலையில் தனியாகப் பள்ளம் விட வேண்டும்.

அடுத்தது வேகம். மைல்டு ஸ்டீலில் பூச்சுள்ள கார்பைடு இன்செர்ட் நிமிடத்துக்கு 150 மீட்டர் அளவில் நன்றாக வெட்டும். 16 மி.மீ. துளையில் அந்த வேகம் வர வேண்டுமானால் சக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்றுச் சுற்ற வேண்டும். பட்டறைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெல்ட் லேத்தில் 600 சுற்று வைத்தால் கிடைப்பது 30 மீட்டர்தான். அந்த மெதுவான வேகத்தில் அச்சில் அழுத்திச் செய்த சிசிஎம்டி இன்செர்ட்டின் மழுங்கலான விளிம்பில் இரும்பு ஒட்டிக்கொண்டு, பரப்பைப் பிய்த்துவிடுகிறது. சாணை பிடித்துக் கூராக்கிய சிசிஜிடி இன்செர்ட், அலுமினியத்துக்கென்று விற்கப்படும் பளபளப்பான வகையே ஆனாலும், இத்தகைய லேத்தில் மைல்டு ஸ்டீலின் முடிவு வெட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது. மேல்தோல் நீங்காத வார்ப்பிலும், சாவிப்பள்ளம் குறுக்கிடும் துளையிலும் அதைப் போடக் கூடாது. கூர்முனை உடனே சிதறிவிடும். வேகமான லேத் வைத்திருப்பவர்களுக்குச் சிசிஎம்டி-யே சரி.

கூர்மையோடு தொடர்புள்ள இன்னொரு பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். காலத்தில் கடைசியாக ஆழம் ஏற்றாமல் அதே அளவில் இரண்டு முறை ஓட்டி, தண்டின் வளைவைத் தீர்ப்பார்கள். மழுங்கல் விளிம்புள்ள கார்பைடு இன்செர்ட்டை அப்படி ஓட்டினால் சில இடத்தில் வெட்டும், சில இடத்தில் தேய்க்கும். அதற்குப் பதிலாகக் கடைசி இரண்டு வெட்டுகளையும் ஒரே ஆழத்தில், ஆரத்தில் கால் மி.மீ. அளவில், ஒரே ஃபீடில் வைத்துக்கொள்ள வேண்டும். விசை ஒன்றாக இருப்பதால் வளைவும் ஒன்றாக இருக்கும்; முதல் வெட்டுக்குப் பின் அளந்த குறையை அப்படியே இரண்டாவதில் சேர்த்துக்கொள்ளலாம்.

8 மி.மீ. எஃகு பாருக்குக் குறைந்தபட்சத் துளை பெரும்பாலான அட்டவணைகளில் 10 அல்லது 11 மி.மீ. அதற்கும் கீழே போனால் இன்செர்ட் மாட்டும் பார்கள் கிடைத்தாலும், தலையில் திருகாணிக்கே இடம் போய்விடுவதால் தண்டு மிக மெலிந்துவிடுகிறது. அங்கே முழுக் கார்பைடில் செய்த சிறு போரிங் பாரோ, கையால் சாணை பிடித்த ஹெச்.எஸ்.எஸ். உளியோ மேல்.

இந்த வரிசைப்படி வாங்க வேண்டுமென்றால், நான் முதலில் 12 மி.மீ. எஃகு எஸ்சிஎல்சிஆர் பாரையும், அடுத்ததாக 10 மி.மீ. கார்பைடு பாரையும், தேவை வரும்போது 8 மி.மீ. எஃகையும் வாங்குவேன். பெட்டியில் நான்கு பார்களாக மலிவாகக் கிடைக்கும் தொகுப்பைத் தவிர்ப்பேன். அத்தகைய பெட்டி ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். அதில் 8 மி.மீ. பார் எதைச் செய்தாலும் அதிர்ந்தது. லேத்தின் ஸ்பிண்டில் பேரிங்தான் காரணம் என்று எண்ணி அதைக் கழற்றி மாட்டி இரண்டு நாள் வேலையை இழந்தேன். கடைசியில் இன்செர்ட் உட்காரும் இருக்கையின் தளமே சமமாக இல்லை என்று தெரிந்தது.

எந்தப் பாராக இருந்தாலும் பிடிப்புச் சரியில்லை என்றால் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீணாகும். நான்கு பக்க டூல் போஸ்ட் (கருவியைப் பிடிக்கும் பகுதி) உள்ள லேத்துக்கு, ஒரு சதுர இரும்புக் கட்டையை டூல் போஸ்ட்டிலேயே இறுக்கி, சக்கில் மாட்டிய டிரிலால் துளைத்து, அதே நிலையில் ரீமர் விட்டு, பிறகு ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்துகொண்டால் போதும். துளை தானாகவே ஸ்பிண்டில் மையத்தின் உயரத்தில் அமைந்துவிடும். உருளைப் பாரைச் சுற்றிலும் கவ்வும். முனை மையத்துக்குக் கீழே போய்விட்டால் விலகு கோணம் குறைந்து இன்செர்ட்டின் அடிவிளிம்பு சுவரில் உரசும். தண்டு வெட்டும்போது கீழே வளைவதையும் கணக்கிட்டு மயிரிழை மேலே வைப்பது நல்லது.

புதிய பாரை லேத்தில் ஏற்றும் முன் இன்செர்ட்டின் அடியிலும் பக்கங்களிலும் மார்க்கர் மை தடவி, இருக்கையில் வைத்து, 06 அளவுக்குரிய சிறு திருகாணியை ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை இருக்கையின் தளத்தில் பரவலாகவும், இரண்டு பக்கச் சுவர்களில் விளிம்பு நெடுகவும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் அந்தப் பாரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.